வெள்ளத்தில் போன ஒன்பது அப்பாக்கள்

என்னைவிடப் பெரிய முட்டாள் அந்தக் காலத்தில் வில்லியனூர் கொம்யூனில் இருந்திருக்கலாம். ஆனால் அவன் கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் காரியதரிசி என்ற பட்டமும் இருந்திருக்காது. எனக்கு இரண்டும் இருந்தன. எழுதின அத்தனை பாடத்திலும் தோற்றுவிட்டு, தோற்ற மறுவாரமே மற்றவர்களுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கச் சங்கம் ஆரம்பித்தவன் நான். பாடங்களில் தோற்றதுபோல அந்தச் சங்கத்திலும் தோற்றிருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். என் கெட்ட காலம், சங்கம் ஜெயித்துவிட்டது.

பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலம். இரண்டாவது உலகச் சண்டை இன்னும் வரவில்லை. நாங்கள் பட்டணத்துக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். முதல் பெரிய கண்டம் ப்ரெவே பரீட்சை. அது கையில் இருந்தால் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைக்கும், மேரி என்று நாங்கள் சொல்லும் கொம்யூன் ஆபீஸில் குமாஸ்தா ஆகலாம், தைரியம் இருந்தால் சைகோனுக்குக் கப்பல் ஏறலாம். இல்லாவிட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம்.

பட்டணத்துப் பையன்களுக்கு வீட்டிலேயே வாத்தியார் வருவார். அவர்கள் தும்மினால்கூட அது பிரெஞ்சில் இருக்கும். நாங்கள் வில்லியனூர் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது தமிழில் சண்டை போட்டுக்கொண்டு ஏறுவோம், சங்கராபரணிப் பாலம் தாண்டும்போது பேச்சுக் குறையும், கல்லூரி வாசலில் இறங்கும்போது ஊமைகள். அந்த வருஷம் கொம்யூன் பக்கத்துப் பையன்கள் எட்டுப் பேரும் ஒற்றுமையாகத் தோற்றோம். ஐப்பசியில் இரண்டாம் தடவை எழுதலாம் என்று அறிவித்தார்கள். மூன்று மாதம் இருந்தது.

ஒன்பதாவதாக ஒருவன் இருந்தான். அவன் தோற்கவில்லை, முதல் தடவை எழுதவே இல்லை. குளிர்காய்ச்சலில் கிடந்தான். உறுவையாற்றில் கூலி வேலை செய்யும் குடும்பம். அப்பா இல்லை, அம்மா நடவுக்குப் போகிறவள். எங்கள் எட்டுப் பேர் மூளையையும் ஒன்றாகப் போட்டு அரைத்தாலும் அவன் பிரெஞ்சில் கால்வாசி தேறாது. சர்க்கார் கொடுத்த பூர்ஸில், அதாவது உபகாரச் சம்பளத்தில் படித்தான். ஐப்பசியில் தேறாவிட்டால் பூர்ஸ் நிற்கும் என்று கல்லூரிப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். பூர்ஸ் நின்றால் அவனும் அம்மாவோடு சேற்றில் இறங்க வேண்டியதுதான். அவன் இதைப் பற்றிப் பேசியதில்லை. பலகையை ஒரு தடவை படித்துவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நடந்துவிட்டான்.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாலத்துக்குக் கிழக்கே, பட்டணத்தில், என்னை "டா" போட்டுப் பேசுவான். ரயில் திரும்பிப் பாலம் தாண்டி வில்லியனூர்ப் பக்கம் வந்ததும் "நீங்க" ஆகிவிடும். என் அப்பா அவன் தெருக்காரர்களுக்கு வேலை கொடுக்கிற ஆண்டை. நான் அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன். பாலத்தின் நடுவில் ரயில் நின்றுவிட்டால் என்னை எப்படிக் கூப்பிடுவாய் என்று ஒரு நாள் கேட்டேன். "கூப்புட மாட்டேன்" என்றான்.

சங்கத்தின் விதியை நான்தான் எழுதினேன். ஒரு பாடத்தில் கொஞ்சம் தெரிந்தவன், கொஞ்சமும் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கேட்டுக்கொண்டவன் மறுநாள் அதையே வேறொருவனுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல வராவிட்டால் மறுபடி கேட்க வேண்டும். யாருக்கு யார், எந்தக் கிழமை, எந்தப் பாடம் என்று பெரிய தாளில் கட்டம் போட்டு அட்டவணை எழுதி ஒட்டினேன். கற்றுக்கொடுக்கவும் தெரியாமல் கற்றுக்கொள்ளவும் வராமல் இருப்பவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை காரியதரிசி வேலை. அதை எனக்கே கொடுத்துக்கொண்டேன்.

பாகூரிலிருந்து ஒரு தடியன் சைக்கிளில் வருவான். பூகோளம் அவன் பொறுப்பு. அட்டவணையைப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் வேல போட்டுட்டீங்களே செக்ரட்டரி ஐயா, நீங்க இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டான்.

"மேற்பார்வை."

"அதான், ஊட்ல மாடு கூட அத்தத்தான் பண்ணுது."

கூடுவதற்கு இடம் வேண்டுமே. எங்கள் அப்பாவுக்குக் கரும்புத் தோட்டத்தை ஒட்டி வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை ஒன்று இருந்தது. கொட்டா என்போம். தை மாதம்தான் அடுப்பு எரியும், மற்ற நாளில் சும்மா கிடக்கும். அப்பாவிடம் கேட்டேன். நான் படிப்பு என்ற சொல்லை வாயால் சொன்னதிலேயே அவர் மனம் குளிர்ந்து சரி என்றுவிட்டார்.

எட்டுப் பேரும் உள்ளே பாய் போட்டு உட்காருவோம். உறுவையாற்றுப் பையன் மட்டும் கூரை இறங்கும் இடத்தில், வெளியே, பழைய கரும்புச் சக்கைக் குவியலின்மேல் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து பாடம் சொல்லுவான். யாரும் அவனை அங்கே உட்காரச் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. மழை வந்தால் கூரைத் தண்ணீர் அவன் முதுகில் சொட்டும், புத்தகத்தை மட்டும் எங்கள் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொள்வான். என் அட்டவணையில் ஒன்பது பேருக்கும் நேரம் போட்டிருந்தேன். அவனுக்கு உட்கார இடம் போடவில்லை என்பது மூன்று மாதமும் என் கண்ணில் படவில்லை. மேற்பார்வை அப்படி.

இரண்டாவது வாரம் அப்பா வந்து எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் பிரெஞ்சில் வினைச்சொல் முழங்குவதைக் கேட்டு மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு சக்கைக் குவியல்மேல் எழுந்து நின்றவனைப் பார்த்தார்.

"நீ யாரு மவன்?"

அவன் தன் அப்பா பேரைச் சொன்னான். தெருவையும் சொன்னான்.

அப்பா கையை உயர்த்தினார். கூரையிலிருந்து ஒரு ஓலையைப் பிய்த்துக் கீழே போட்டார். "நல்லாப் படி" என்றார். போய்விட்டார். ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்தக் கொட்டகையைச் சுற்றி வருகிற மனுஷர், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. நாம் படிப்பதற்கு இடைஞ்சல் கூடாது என்று எவ்வளவு பெருந்தன்மை பார் என்று நான் தடியனிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஆவணியிலேயே செல்லிப்பட்டுப் பக்கம் வானம் கருத்து, ஆற்றில் செந்தண்ணீர் வந்தது. கொட்டகையில் உட்கார்ந்தால் ஆற்றின் சத்தம் கேட்கும். இரைச்சல் அதிகமானால் சக்கைக் குவியல்மேல் இருந்தவன் பாடத்தை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே பார்ப்பான். "மேல சொல்லுப்பா" என்று நாங்கள் அதட்டினால், விட்ட இடத்திலிருந்து ஒரு எழுத்துப் பிசகாமல் தொடர்வான்.

எங்களை எல்லாம் கவிழ்ப்பது பிரெஞ்சுக் கட்டுரைதான். தலைப்பு எதுவும் வரலாம். பழக்கத்துக்காக ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். நான் எங்கள் வண்டிமாட்டைப் பற்றி எழுதினேன். அதில் பிழை இல்லாமல் இருந்தது மாட்டின் நிறம் ஒன்றுதான். உறுவையாற்றுப் பையனும் எழுதிக் கொடுத்தான். இத்தனை வருஷம் கழித்தும் அது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"அன்று காலையில் ஆறு எங்கள் தெரு ஓரம் வந்து நின்றது. கறுப்புக் குடை பிடித்த ஒருவர் வந்து அப்பாவை அழைத்தார். கரும்புக்குப் போகும் மடை உடைந்துவிட்டது என்றார். அப்பா கஞ்சிச் சட்டியை மூடி வைத்துவிட்டுப் போனார். குடை பிடித்தவர் கரைமேல் நின்று, இன்னும் கொஞ்சம் மண் போடு, இன்னும் கொஞ்சம் என்றார். பிறகு அப்பா இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. மாலைவரை அந்தச் சட்டியை யாரும் திறக்கவில்லை."

இரண்டு தடவை படித்தேன். மறு நிமிஷம் காரியதரிசி விழித்துக்கொண்டான். அவன் அப்பா விஷக் காய்ச்சலில் வீட்டிலேயே போனார் என்றுதான் ஊரில் சொல்லுவார்கள். நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கேட்டிருந்தேன். ஆகவே இது கற்பனை என்று முடிவு கட்டினேன். பயல் மார்க்குக்காக எவ்வளவு அழகாக ஒரு வெள்ளத்தைக் கட்டிவிட்டிருக்கிறான்! கட்டிவிட்ட கதை யாருக்கும் சொந்தமில்லை. அவனிடம் கேட்காமலேயே எட்டுப் பிரதி எடுத்து, ஜோடி ஜோடியாகக் கொடுத்தேன். இதுதான் மாதிரி, இப்படித்தான் எழுத வேண்டும் என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதைப் பாராட்ட ஒரே வழிதான் தெரியும். மனப்பாடம் செய்துவிடுவோம். பதவுரையும் செய்யுளும் வாய்ப்பாடும் அப்படித்தான் எங்களுக்குள் இறங்கியிருந்தன. பிரெஞ்சுக் கட்டுரைக்கு மட்டும் வேறு வழியா? அத்துடன் கேட்டவன் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற என் விதி வேறு. ஒரு வாரத்தில் எட்டுப் பேரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அப்பாவை ஆற்றில் விடுகிற நிலைக்கு வந்துவிட்டோம்.

ஒரு நாள் தடியன் கொட்டகை நடுவில் நின்று ஏற்ற இறக்கத்தோடு அதை ஒப்பித்துக்கொண்டிருந்தான். கஞ்சிச் சட்டி வந்தபோது கைகளால் சட்டி காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சக்கைக் குவியலிலிருந்து இறங்கி என்னிடம் வந்தான்.

"அது என்னுது."

"தெரியும்பா. மாதிரிக்குத்தான். உன் பேரச் சொல்லித்தான் குடுத்தேன்."

"பரீட்சயில அத்த யாரும் எழுதக் கூடாது. வேற எது வேணா எழுதுங்க. அத்த வேணாம்."

"வார்த்தையில இன்னா கருமித்தனம்டா உனக்கு" என்று தடியன் சொன்னான்.

அவன் தடியனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "சத்தியம் பண்ணுங்க" என்றான். எட்டுப் பேரும் பண்ணினோம். நான் இரண்டு தடவை பண்ணினேன். காரியதரிசி அல்லவா.

பரீட்சை நாளன்று ரயில் பாலத்தின்மேல் நடைவேகத்தில் போயிற்று. கீழே ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு, வேரோடு பிடுங்கிய ஒரு தென்னையைச் சுமந்துகொண்டு போனது. தடியன்கூட சைக்கிளை விட்டுவிட்டு, முதல் நாளே வந்து தங்கி, அன்று எங்களோடு ஏறியிருந்தான்.

தாளைப் பிரித்தேன். நீங்கள் மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றி எழுதுங்கள் என்றிருந்தது.

எனக்கு முன்னால் நான்கு முதுகுகள் தெரிந்தன. நான்கும் ஒரே நேரத்தில் குனிந்தன. நான்கு பேனாவும் ஒரே சத்தத்தில் கிளம்பின. ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவன் மட்டும் உடனே எழுதவில்லை. தலையைத் தூக்கி எங்கள் ஒவ்வொருவராகப் பார்த்தான். என்னைப் பார்த்தபோது நான் தலையை ஆட்டினேன். நான் எழுதவில்லை என்று அர்த்தம். அவனும் குனிந்தான். அவனுக்கு மறக்க முடியாத நாள் வேறு எது?

பத்து நிமிஷம் நேர்மையாக உட்கார்ந்திருந்தேன். மறக்க முடியாத நாளை என் தலைக்குள் தேடினேன். மாடுதான் வந்தது. அதுவும் பிழையோடு வந்தது. பிறகு என் கை தானாக எழுதியது: "அன்று காலையில் ஆறு எங்கள் தெரு ஓரம் வந்து நின்றது."

எங்கள் வீட்டில் வாசல் தாண்டும்போது "போறேன்" என்று சொல்லக் கூடாது. "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை அணை என்று சொல்லக் கூடாது, அமத்து என்க வேண்டும். அரிசிப் பானை காலியானால் அரிசி நிறைந்துவிட்டது என்பாள் அம்மா. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன், அப்பா இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது என்று சுத்தமான பிரெஞ்சில் எழுதி, என் நம்பரையும் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புரை ஏறி இரண்டு தடவை இருமினார். சாப்பிட்டு எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, "கரும்புல தண்ணி நிக்குதான்னு பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினார். நானும் பின்னால் ஓடினேன்.

"இன்னாத்துக்குடா வால் மாதிரி பின்னாலயே வர?"

"சும்மாப்பா. ஆத்தோரம் போகாதீங்க."

"எனக்கு ஆறு புதுசா? பரீட்ச நல்லா எழுதினியா?"

"உங்க புண்ணியத்துல" என்றேன்.

ஒரு வாரம் இப்படி அவருக்கு வாலாக இருந்தேன். வயலுக்குப் போனால் வயலுக்கு, சந்தைக்குப் போனால் சந்தைக்கு. பிள்ளைக்குத் திடீரென்று இவ்வளவு பாசமா என்று அம்மா பூரித்துப் போனாள். ஒவ்வொரு நாளும் ஆறு ஒரு விரல் ஏறியது.

எட்டாம் நாள் கல்லூரியிலிருந்து ஆள் வந்தது. ஒன்பது பேரும் உடனே வர வேண்டும்.

பரீட்சைக் குழுத் தலைவர் வெள்ளைக்காரர். மெலிந்த மனிதர், சத்தம் போடாமல் பேசுவார். அதுதான் பயம். மேஜைமேல் ஒன்பது தாளையும் விசிறி மாதிரி பரப்பி வைத்திருந்தார்.

"ஒரே நாளில், ஒரே குடையோடு ஒருவர் வந்து ஒன்பது தகப்பன்மார்களை அழைத்துப் போயிருக்கிறார். ஒன்பது கஞ்சிச் சட்டிகள். ஒன்பதும் மாலைவரை திறக்கப்படவில்லை. உங்கள் பகுதிக்கு என் ஆழ்ந்த அனுதாபம்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கேட்டருகில் ஒரு பெரியவர் தூக்குச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"அது யார்?"

தடியன் எச்சில் விழுங்கினான். "என் அப்பா, மிஸ்யே."

"நீந்திக் கரை சேர்ந்துவிட்டாரா? மகிழ்ச்சி."

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார். உங்கள் தகப்பனார் இருக்கிறாரா? இருக்கிறார், இருக்கிறார் என்று எட்டுக் குரல் வந்தது. எட்டாவது என்னுடையது. அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்கு ஒரு வாரத்துப் பாரம் இறங்கியது, வெட்கக்கேடு. அவன் முறை வந்தது.

"என் தகப்பனார் இல்லை. நான் எழுதியது நடந்தது."

கற்பனை என்று நான் கட்டிய கட்டடம் அந்த இடத்தில் ஆடியது. காய்ச்சல் என்றல்லவா சொன்னார்கள்?

தலைவர் அவன் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். "எட்டுப் பேரின் தாள் ரத்து. நடந்தது என்றால் அது கொம்யூன் மரணப் பதிவேட்டில் இருக்கும். நகல் கொண்டுவாருங்கள். மூன்று நாள் தருகிறேன். சரியாக இருந்தால் வாய்மொழிப் பரீட்சைக்கு வரலாம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அவன் பிழைத்தான் என்று நினைத்தேன். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் என்ன இல்லாவிட்டாலும் பதிவேடு உண்டு. பிறந்தாலும் எழுதுவான், செத்தாலும் எழுதுவான், இரண்டு சாட்சியோடு எழுதுவான். பிழைக்குப் பிராயச்சித்தமாக நானும் அவனோடு வில்லியனூர் மேரிக்குப் போனேன். வழியெல்லாம் நான்தான் பேசினேன். அவன் பாலம் தாண்டியும் "நீங்க" என்று சொல்லவில்லை. "நீ" என்றும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை.

குமாஸ்தா பழைய ஏட்டைப் புரட்டி, விரலை வைத்து வாசித்தார். இன்ன நாள், இன்ன மணி, உறுவையாறு வாசி, தன் சொந்த வீட்டில் காலமானார்.

"சொந்த வூட்லயா?" என்றேன். "இல்லீங்க, ஆத்துல."

"ஆறுன்னு ஒண்ணியும் இல்லியே. வூடுன்னுதான் எழுதியிருக்கு. சாட்சி ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு, பாரு."

எட்டிப் பார்த்தேன். முதல் கையெழுத்து யாருடையதோ. இரண்டாவதை எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரியிலிருந்து வரும் மார்க்குத் தாள்களில் வருஷக் கணக்காக நானே அதைப் போட்டுப் போட்டுப் பழகியிருந்தேன். அந்தக் கடைசிச் சுழி எனக்கு ஒரு நாளும் சரியாக வந்ததில்லை. ஏட்டில் சரியாக இருந்தது.

திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் ஏட்டைப் பார்க்கவே இல்லை. அதில் என்ன இருக்கும் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நகலை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான்.

அப்பா மடை ஓரம் நின்றுகொண்டிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் போன வேகத்தைப் பார்த்து, "பரீட்ச போச்சா?" என்றார்.

"உறுவையாத்துக்காரரு வூட்ல சாவலப்பா. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவர் தண்ணீரையே பார்த்தார். "ஆத்துல போனான்னு சொன்னா போலீஸ் கொமிசேர் வருவாரு. ஒடம்ப அறுப்பாங்க. அந்தப் பொம்பள அழுதா. அதுக்குத்தான்."

"அதுக்கு மட்டுந்தானா?"

"மட ஒடஞ்சா யாரடா கூப்புடுவாங்க? மேரியவா கூப்புடுவாங்க?"

"நீங்க கூப்புட்டீங்களா?"

அவர் குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். குடையின் விளிம்பிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எட்டுப் பிரதி எடுத்தவன் நான். கறுப்புக் குடை என்று எட்டுத் தடவை என் கையால் எழுதியிருந்தேன். ஒரு வாரம் அந்தக் குடைக்குப் பின்னாலேயே நடந்திருந்தேன். ஊரில் நிலம் வைத்திருக்கிற எல்லோரிடமும் ஒரு குடை இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். முட்டாளுக்குச் சமாதானம் நிறையக் கிடைக்கும்.

"கல்லூரிக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்கப்பா. இல்லன்னா அவன் படிப்பு போயிடும்."

"பொய்க் கையெழுத்துன்னு நானே போய்ச் சொல்லட்டுமா? செயிலுக்குப் போவட்டுமா? வூட்டுக்குப் போடா, மழயில நிக்காத."

வந்துவிடுவார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் அவர் என் கண்ணில் படாமல் நடந்தார், நான் அவர் கண்ணில் படாமல் நடந்தேன். ஒரே வீட்டில் அது லேசான வேலை இல்லை. மூன்றாம் நாள் நான் மட்டும் ரயில் ஏறினேன்.

தலைவர் அறையில் அவன் நின்றுகொண்டிருந்தான். நகல் மேஜைமேல் விரித்துக் கிடந்தது. "சொந்த வீட்டில்" என்ற இடத்தின் கீழ் சிவப்புக் கோடு.

நான் உள்ளே போய், என் பிரெஞ்சில் இருந்த சொற்களையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, அந்தப் பதிவு பொய், அவன் எழுதியதுதான் நிஜம், அந்தச் சாட்சி என் அப்பா, குடை பிடித்தவரும் அவர்தான் என்று சொன்னேன். அவ்வளவு நீளமாகப் பிழையில்லாமல் நான் பிரெஞ்சு பேசியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. கற்றுக்கொடுத்தவன் பக்கத்திலேயே நின்றான்.

தலைவர் விசிறியாகப் பரப்பியிருந்த தாள்களிலிருந்து ஒன்றை உருவி, நம்பரைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திருப்பினார்.

"உமது தகப்பனார் சாட்சியா? அவரைத்தான் நீர் வெள்ளத்தில் விட்டுவிட்டீரே."

என் கையெழுத்து அது. அதற்குமேல் என் வாயிலிருந்து எது வந்தாலும் எடை இல்லை. அவர் கெட்டவர் இல்லை என்று இன்றும் சொல்வேன். ஒரு நாள் தகப்பனைக் கொன்று, ஒரு நாள் உயிரோடு எழுப்பி, ஒரு நாள் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறவனை யார் நம்புவார்கள்? ஒன்பதாவது தாளையும் மற்ற எட்டின்மேல் வைத்து, நாடாவால் கட்டினார்.

வெளியே மழை விட்டிருந்தது. ஸ்டேஷனுக்கு நடந்தோம். அவன் பை காலியாக இருந்தது, புத்தகங்களைக் கல்லூரியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். ரயில் வர நேரம் இருந்தது. பிளாட்பாரத்தின் கோடியில், ஆள் இல்லாத இடத்தில் போய் நின்றான். நானும் போய் நின்றேன்.

"உனக்கு எல்லாம் தெரியும் இல்ல? குடை யாருதுன்னு."

ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"தெரிஞ்சும் மூணு மாசம் எங்க கொட்டாயில வந்து ஒக்காந்து எங்களுக்குப் பாடம் சொன்னியே, ஏன்டா?"

ரயில் புகை தெரிகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"வேற எடம் ஏது?"